வல்லியக்காவின் தயிர்க்கிண்ணம்

"யாருடி இவ?"ன்னு கேட்டு, காதுல மாட்டியிருந்த ஹெட்போனைப் பிடுங்கி மேசை மேல எறிஞ்சாங்க வல்லியக்கா. அன்னைக்கு அமாவாசை, கடையில நிக்க இடமில்ல. செத்தவங்க குரலை வாசிச்சுக் காட்டுற கடை மதுரையில எங்களது ஒண்ணுதான். அமாவாசை வந்தா ஜனம் ரோடு வரைக்கும் நிக்கும். ஆளாளுக்குக் கையில ஒரு கிண்ணம், கிண்ணத்துல தயிர்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். ஒரு காலத்துல செத்தவங்க குரலைக் கம்ப்யூட்டர்லதான் வச்சுக் கேட்டாங்க. அப்புறம் திருட்டுப் பயலுக அந்தக் குரலை எடுத்து, செத்த அப்பனே பேசுற மாதிரி பிள்ளைகளுக்குப் போன் பண்ணி ஏமாத்த ஆரம்பிச்சாய்ங்க. செத்துப்போன மக கூப்பிடுறான்னு ரயில் ஏறிப்போன ஒரு அம்மா திரும்பி வரவே இல்ல. அதோட அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுது. செத்தவங்க குரல் எந்த மிஷின்லயும் இருக்கக் கூடாது. உயிரோட இருக்கிறப்பவே சம்மதிச்சுப் பேசி, உயிருள்ள ஒரு பொருளுக்குள்ள ஒரே ஒரு தடவை எழுதி வச்சுக்கலாம். ஆள் போன பிறகு திருத்தவும் கூடாது, மறுபடி எழுதவும் கூடாது.

உயிருள்ள பொருள்னா நம்ம ஊருக்கு எது? தயிர்தான். அதுல இருக்கிற பாக்டீரியாவுக்குள்ள குரலை எழுதிடுவோம். தினமும் ஒரு கரண்டி எடுத்துப் பால்ல உறை ஊத்துனா, தயிரோட சேர்ந்து குரலும் பெருகும். மிச்சத்தைச் சோத்துல போட்டுச் சாப்பிட வேண்டியதுதான். "எங்கப்பாவை எப்படிங்க சாப்பிடுறது?"ன்னு மொதல்ல அருவருப்புப் பட்டவங்க உண்டு. பழகிப்போச்சு. ஒரு வீட்டுல மருமக வேணும்னே மாமியார் தயிரை வெயில்ல வச்சுக் கெடுத்துட்டான்னு போலீஸ் வரைக்கும் போச்சு. அதைக் கொலைக் கேசா எழுதுறதா, பால் கெட்ட கேசா எழுதுறதான்னு ஸ்டேஷன்ல முழிச்சாங்களாம்.

என் பேரு லோசனி. அந்தக் கடையில பதியிறதும் வாசிக்கிறதும் நான்தான். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இல்லாட்டி அமாவாசைக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது.

வல்லியக்கா வீட்டுக்காரர் முத்துராக்கு அண்ணன் டவுன் பஸ் டிரைவர். அவர் குரலைப் பதிஞ்சது நான்தான், வாசிச்சு வாசிச்சு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. "ஆச்சு, ஆச்சு"ன்னு ஆரம்பிப்பாரு. மோட்டார் சுவிட்சை மறக்காம அமத்து, மாடிக் கதவுக்கு எண்ணெய் விடு, நம்ம மக சின்னவ கிட்டச் சண்டை போடாதன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுவாரு. கடைசில பதியிற ரூம் கண்ணாடிக்கு வெளிய நின்ன இவங்களைத் திரும்பிப் பாத்து, "வல்லி, சாப்ட்டியா?"ம்பாரு. அவ்வளவுதான் பேச்சு. அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இவங்க மாசா மாசம் வர்றது.

"என்னக்கா ஆச்சு?"ன்னு ஹெட்போனை எடுத்து என் காதுல வச்சேன். மோட்டார், மாடிக் கதவு, சின்னவ எல்லாம் வந்துச்சு. "வல்லி, சாப்ட்டியா?" அதுக்கு மேல ஒண்ணும் இருக்கக் கூடாது. ஆனா ஒரு மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், ரொம்ப மெதுவா, பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி, "சாப்ட்டேங்க"ன்னுச்சு.

 அந்தக் குரலும் எனக்குத் தெரியும். அது ரெஜினா டீச்சர். வல்லியக்கா இருக்கிற அதே பிளாக்ல கீழ்வீடு, ஆரோக்கியம் அண்ணனோட சம்சாரம். அந்தம்மாவும் போய்ச் சேர்ந்தாச்சு. அதையும் நான்தான் பதிஞ்சேன். மைக் சரியா இருக்கான்னு பாக்க எல்லார்கிட்டயும் மொதல்ல "சாப்ட்டீங்களா?"ன்னு கேக்கிறது என் பழக்கம். அதுக்கு அவங்க சொன்ன பதிலோடதான் எங்க கடைப் பதிவு எல்லாமே ஆரம்பிக்கும். முத்துராக்கு அண்ணனோட 'ஆச்சு, ஆச்சு'வும் அப்படி வந்ததுதான். இது டீச்சர் சொன்ன பதில். எனக்குச் சொன்ன பதிலை இப்ப முத்துராக்கு அண்ணனுக்குச் சொல்லுது.

"என்னைக் கேட்டா இவ எதுக்குப் பதில் சொல்றா? இது கீழ்வீட்டு டீச்சர் குரல்தானே?" வல்லியக்கா கத்தினாங்க. "இவரு ஓட்டுன பஸ்லதான் அந்த டீச்சர் தினம் ஸ்கூலுக்குப் போவா. நான் ஒரு கேணச்சி, ஒண்ணுமே தெரியாம இருந்திருக்கேன்."

சுத்தி நின்னவங்க எல்லாம் அவங்கவங்க கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு எங்களையே பாத்தாங்க. நான் அக்காவை உள் ரூமுக்கு இழுத்துட்டுப் போயிட்டேன்.

"மொதல்ல இதைச் சொல்லுங்க. யார்கிட்ட உறை வாங்குனீங்க?"

அக்கா முகம் மாறிடுச்சு. "அது வந்து... போன அமாவாசைக்கு அப்புறம் மழையில ஒரு நாள் தயிர் நூல் நூலா வந்துச்சு. சரியா உறையல. எங்க கெட்டுப் போயிருமோன்னு கீழ்வீட்டுல ஒரு கரண்டி வாங்கி விட்டேன். ஒரு கரண்டிதான்டி."

"கொடுக்காதீங்க, வாங்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல! கரண்டில வந்தது வெறும் தயிரா? டீச்சரையே ஊத்திட்டு வந்திருக்கீங்க."

"ஊத்துனா? ரெண்டும் பாட்டுக்குத் தனித்தனியா இருக்க வேண்டியதுதானே? எப்படி ஒண்ணோட ஒண்ணு பேசும்?"

உக்கார வச்சு விளக்கினேன். "நம்ம உடம்புல இருக்கிற டிஎன்ஏ நூல் மாதிரிக்கா. ரெண்டு முனை உண்டு. பாக்டீரியாவோடதுக்கு முனையே கிடையாது. வளையல் மாதிரி வட்டம். அம்புட்டு நீளத்தையும் முறுக்கி முறுக்கி அந்தத் துளியூண்டு உடம்புக்குள்ள திணிச்சு வச்சிருக்கும். அதுல அதோட பொழைப்புக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். பக்கத்துலயே குட்டி வட்டங்களும் சுத்தும். அந்தக் குட்டி வட்டத்துலதான் அண்ணன் பேச்சு இருக்கு."

"நூலாவே எழுத வேண்டியதுதானே?"

"முனை தெரிஞ்சாப் போச்சு. ஏதோ வெளிய இருந்து வந்த பகைன்னு நினைச்சு முனையில இருந்தே மென்னு தின்னுரும். அதான் வட்டம். ஆனா அந்தக் குட்டி வட்டத்தைப் பாக்டீரியாக்கள் தங்களுக்குள்ள கொடுத்து வாங்கிக்கும், நீங்க கீழ்வீட்டுல உறை வாங்குன மாதிரியே. அப்படி அண்ணன் வட்டமும் டீச்சர் வட்டமும் ஒரே உடம்புக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கு."

"சேர்ந்தா?"

"ரெண்டு வட்டத்துலயும் ஒரே மாதிரி ஒரு இடம் இருந்தா, அந்த இடத்துல ரெண்டையும் அறுத்து மாத்தி முடிஞ்சிரும். ரெண்டு மல்லிகை மாலையை அறுத்து, இதோட முனையை அதுலயும் அதோட முனையை இதுலயும் முடிஞ்சா என்ன ஆகும்?"

"ஒரே மாலை"ன்னாங்க அக்கா. அதோட விடாம, "ஒரே மாதிரி இடம் எப்படி வந்துச்சு?"ன்னும் கேட்டாங்க. டிரைவர் சம்சாரம்னாலும் கேள்வி கரெக்டா வந்து விழும்.

அதுக்குத்தான் என்கிட்டப் பதில் சங்கடமா இருந்துச்சு. எங்க முதலாளி ஞானசம்பந்தன் சார், ஒரு துண்டுச் சீட்டு எழுதுனாலும் உச்சியில பிள்ளையார் சுழி போடாம எழுத மாட்டாரு. வட்டத்துக்கு ஆரம்பம் கிடையாதே, எங்க இருந்து வாசிக்கிறதுன்னு மிஷினுக்குத் தெரிய ஒரு அடையாளம் வேணும். அந்த அடையாளத்துக்கு அவரே ஒரு எழுத்து வரிசை செஞ்சு, அதைப் பிள்ளையார் சுழின்னு சொல்லி எல்லாப் பேர் வட்டத்துலயும் போட்டாரு. ஆரோக்கியம் அண்ணன் வந்து, "சார், நாங்க சிலுவை போடுவோம்"னாரு. "அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு"ன்னு சொல்லி அதே சுழியைத்தான் போட்டாரு. எழுநூத்து எண்பத்தாறு போடச் சொன்ன பாய் வீட்டுக்கும் அதே சுழிதான். எல்லாருக்கும் ஒரே சுழி, பேரு மட்டும் வேற வேற. எல்லாரையும் கோத்து விடுறதுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி ஆயிப்போச்சு.

அன்னைக்கு அக்கா போன பிறகு அதே பிளாக்ல இருந்து வந்த இன்னொரு கிண்ணத்தை வாசிச்சுப் பாத்தேன். வழக்கமா மிஷின் சுழியில ஆரம்பிச்சு, சுத்தி வந்து, மொதல்ல வந்த பேச்சு திரும்ப வந்தா நின்னுரும். அன்னைக்கு நிக்கவே இல்ல. "சாப்ட்டேன்"னு ஒரு தாத்தா. அவர் பேசி முடிச்சதும் "இன்னும் இல்லம்மா"ன்னு ஒரு பையன். அவனுக்கு அடுத்து "பசிக்கல"ன்னு ஒருத்தி. யார் யார்கூடவோ பேச வேண்டியது, பந்தியில உக்காந்த மாதிரி வரிசையா வந்துக்கிட்டே இருந்துச்சு. உறை வாங்குன வீடு, உறை கொடுத்த வீடு அத்தனையும் அதுக்குள்ள இருந்துச்சு. நான் பிளக்கைப் பிடுங்கிட்டு வெளிய வந்து வெயில்ல நின்னேன். 

"பிரிச்சுக் கொடு. அவளைத் தூக்கிப் போட்டுட்டு என் மனுஷனை மட்டும் கொடு"ன்னு வல்லியக்கா மறுநாளே வந்து நின்னாங்க. நாங்க வெட்டக் கூடாது, சட்டம் விடாது. ஆனா சேர்ந்தது தானாப் பிரியறதும் உண்டு. தயிரை நீர்க்கக் கலக்கித் தட்டுல பரப்பி வச்சா, புள்ளி புள்ளியா வளரும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிக் குடும்பம். அண்ணன் மட்டும் இருக்கிற புள்ளியைப் பொறுக்கி எடுத்துடலாம்னு நம்பிக்கையாச் சொல்லி அனுப்பினேன். ரொம்ப நம்பிக்கையாத்தான் சொன்னேன்.

பிரிஞ்சுது. ஆனா பிரிஞ்சது எதுவும் தங்கல. அண்ணன் மட்டும் இருந்த புள்ளியில வட்டம் பெருகவே இல்ல. டீச்சர் மட்டும் இருந்த புள்ளியில பெருகுச்சு, ஆனா பாக்டீரியா ரெண்டாப் பிரியறப்ப சரியாப் பங்கு போகாம, நாலஞ்சு தலைமுறையிலயே காணாமப் போச்சு. தோண்டித் துருவிப் பாத்தா விஷயம் புரிஞ்சுது. ரெண்டு பேரும் சேர்ந்தே பெருகுன அத்தனை தலைமுறையில, அண்ணன் வட்டத்துல பெருகறதுக்கான இடம் பழுதாயிருக்கு. டீச்சர் வட்டத்துல பங்கு பிரிக்கிற இடம் பழுதாயிருக்கு. அதான் இன்னொருத்தர்கிட்ட இருக்கேன்னு பாக்டீரியா அதைச் சீந்தவே இல்ல. பழுதைச் சரி பண்ண நாங்களும் கை வைக்க முடியாது.

இதை வல்லியக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் முழிச்சுக்கிட்டு இருக்கிறப்ப, ஆரோக்கியம் அண்ணன் காலி டம்ளரோட கடைக்கு வந்தாரு. கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. வெளியூர்ல இருந்து வந்த மருமக, ஃபிரிட்ஜ்ல இருந்த தயிரு புளிச்சிருக்கேன்னு மொத்தத்தையும் எடுத்து மோர்க்குழம்பு வச்சிருச்சாம். "கொதிக்க விட்டுட்டா லோசனி. ஒரு கரண்டி கூட இல்ல. வேற யார்கிட்டயாவது ரெஜினா இருப்பாளா?"ன்னு கேட்டாரு.

அந்தச் 'சாப்ட்டேங்க' விஷயத்தை வழியிலயே சொல்லி, அவரையும் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வேற வழி? போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அண்ணனைத் தனியா எடுக்க முடியாது, டீச்சரைத் தனியா எடுக்க முடியாது, ஒருத்தரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இன்னொருத்தர் இருக்காங்க, டீச்சர் வேற எங்கயுமே இப்ப இல்லன்னு சொன்னேன்.

 அக்கா எந்திரிச்சு ஃபிரிட்ஜைத் திறந்து கிண்ணத்தை எடுத்தாங்க. நேரா அடுப்படித் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டாங்க.

"அக்கா!"ன்னு கத்திட்டேன்.

"உயிரோட இருந்தப்ப ஒளிச்சு வச்சிருந்தாரு. செத்தும் அவளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருப்பாராமா? அப்படி ஒரு புருஷன் எனக்கு வேணாம். ரெண்டும் போகட்டும்."

கிண்ணம் சாய்ஞ்சிருந்துச்சு. மேலாப்ல இருந்த தெளிஞ்ச தண்ணி சொட்டுச் சொட்டா தொட்டியில விழுந்துச்சு.  ரெண்டு பேரு அந்தக் கிண்ண விளிம்புல நிக்கிறாங்க, அப்படித்தான் இருந்துச்சு எனக்கு.

ஆரோக்கியம் அண்ணன் வாசப்படியைத் தாண்டி உள்ள வரல. அங்கயே நின்னு டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுப் பேசினாரு. "தங்கச்சி, ஊத்துறதுன்னா ஊத்துங்க, அது உங்க பாத்திரம். ஆனா அவ மேல தப்பா நினைச்சு ஊத்தாதீங்க. அந்தச் 'சாப்ட்டேங்க'ங்கிறது லோசனிக்குச் சொன்னது. நான் பக்கத்துலதான் இருந்தேன். சாப்ட்டீங்களான்னு இந்தப் பொண்ணு கேட்டதும் அவ கண்ணு கலங்கிருச்சு. ஏன்னு எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் அவகிட்ட அதைக் கேட்டதே இல்ல. சமைச்சு வச்சா சாப்பிடுவேன், எந்திரிச்சுப் போயிருவேன். அவ சாப்ட்டாளான்னு ஒரு நாள் கேட்டதில்லம்மா. உங்க வீட்டுக்காரர் கேக்கிறாரு, அவ பதில் சொல்றா. அதைக் கேட்டா எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு."

சொல்லிட்டு அழுதாரு. பெரிய மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாரு. குழாய்த் தண்ணி பாட்டுக்குக் கொட்டிக்கிட்டே இருந்துச்சு.

வல்லியக்கா குழாயை மூடினாங்க. கிண்ணத்தை நிமித்தி மேடையில வச்சாங்க. முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "டம்ளரைக் கொண்டாங்கண்ணே"ன்னாங்க. ஒரு கரண்டி எடுத்து விட்டுட்டு, "பாலைக் கொதிக்கக் கொதிக்க வச்சு ஊத்திராதீங்க. வெரல் பொறுக்கிற சூடுதான் இருக்கணும். அந்த மருமகளை ஃபிரிட்ஜ் பக்கமே விடாதீங்க"ன்னு அதட்டினாங்க.

அதுக்கப்புறம் அமாவாசைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே வருவாங்க. ஒரே ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதா வச்சுக் கேப்பாங்க. "வல்லி, சாப்ட்டியா?" "சாப்ட்டேங்க." அப்புறம் டீச்சர் தன் பேச்சைப் பேசுவாங்க. பரிட்சைப் பேப்பர் கட்டு, ரேஷன் அட்டை, பேத்திக்குத் தைக்கக் கொடுத்த பாவாடை எல்லாம் வரும். கடைசில, "மாத்திரை போட்டீங்களா?"ன்னு ஒரு கேள்வி. ஆரோக்கியம் அண்ணனுக்குச் சுகர். அவர் அந்தக் கேள்வி வந்ததும் தலையைக் குனிஞ்சுக்குவாரு. ஒரு தடவை வல்லியக்கா அவரைப் பாத்து, "போட்டீங்களா, இல்லையா?"ன்னு கேட்டாங்க. இல்லன்னாரு. அடுத்த நாள்ல இருந்து காலையில அவங்களே கீழ இறங்கிப் போய், மாத்திரையும் தண்ணியும் கையில கொடுத்து, முழுங்குற வரைக்கும் நின்னுட்டு வருவாங்களாம். பிளாக்ல நாலு பேர் நாலு விதமாப் பேசினாங்க. "பேசுறவங்க வாயை நான் என்ன தைக்கவா முடியும்?"னாங்க அக்கா.

சார் புதுசா வர்றவங்களுக்கு ஆளுக்கொரு சுழி போட ஆரம்பிச்சாரு. அதுக்கும் சண்டை. "எங்க வீட்டுக்காரருக்குப் போட்ட சுழியையே எனக்கும் போடுங்க"ன்னு பொண்டாட்டிமார் வந்து நின்னாங்க. "எங்கண்ணனுக்குப் போட்ட சுழி எனக்கு வேணவே வேணாம், கோர்ட்டுல கேஸ் நடக்குது"ன்னு ஒருத்தர் கத்திட்டுப் போனாரு.

வல்லியக்காவுக்கு நுரையீரல்ல கட்டின்னு தெரிஞ்சப்ப ரொம்ப முத்திப்போச்சு. மூச்சு வாங்க வாங்க ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. "என்னையும் பதிஞ்சுரு. பழைய சுழியே போடு. பதிஞ்சு அதே கிண்ணத்துல விடு."

"விட்டா தானாச் சேர்ந்துரும்க்கா. அந்த வட்டத்துல இப்ப ரெண்டு முடிச்சு இருக்கு. அண்ணனுக்கு அடுத்து ஒண்ணு, டீச்சருக்கு அடுத்து ஒண்ணு. எந்த முடிச்சுல போய்ச் சேருவீங்கன்னு சொல்ல முடியாது, ஆனா தட்டுல போட்டு நான் பொறுக்கி எடுத்துருவேன். பேச்சைக் கேக்காமலே யாருக்குப் பக்கத்துல யாருன்னு பாக்க வழி இருக்கு. கவலைப்படாதீங்க, அண்ணனுக்கு அடுத்தாப்ல வர்றதையே எடுக்கிறேன். அவர் சாப்ட்டியான்னதும் நீங்களே சொல்லலாம்."

"வேணாம். டீச்சருக்கு அடுத்து வை."

"உங்களுக்குப் புத்தி பிசகிருச்சா? அண்ணன் கேக்கிறதுக்கு அப்பவும் டீச்சர்தான் பதில் சொல்வாங்க. இதுக்கா இவ்வளவு கூத்து?"

"வைன்னா வையேன்டி"ன்னாங்க. பதியிற ரூமுக்குள்ள போய் உக்காந்ததும், "இந்தா, என்கிட்டச் சாப்ட்டீங்களான்னு கேக்காத"ன்னு விரலை ஆட்டினாங்க. நான் கேக்கல. உயிரோட இருக்கிறவங்க பேசுறதை நாங்க காது கொடுத்துக் கேக்கிறதில்ல, கண்ணாடிக்கு வெளிய வந்துருவேன். உதடு அசையறது மட்டும் தெரிஞ்சுது. கொஞ்ச நேரம்தான் பேசினாங்க. வெளிய வந்து, "முடிஞ்சுது, காபி வாங்கிக் கொடு"ன்னாங்க.

அவங்க சொன்ன மாதிரியே பொறுக்கி எடுத்து வச்சேன். அந்த மாசமே கண்ணை மூடிட்டாங்க. சின்ன மக சென்னைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியும் போகல. ஆரோக்கியம் அண்ணன்தான் கிண்ணத்தை வாங்கிக்கிட்டாரு.

அமாவாசைக்கு ஒத்தையா வந்தாரு. ஆளு பாதியா இளைச்சிருந்தாரு. ஹெட்போனை ஒரு காதுல வச்சுக்கிட்டு, இன்னொரு பக்கத்தைப் பழக்கத்துல நீட்டினாரு. அப்புறம் ஆள் இல்லன்னு உறைச்சுதோ என்னவோ, என்னைப் பாத்தாரு. நான் வாங்கி என் காதுல வச்சேன். மிஷினைப் போட்டேன்.

ஆச்சு, ஆச்சுன்னு முத்துராக்கு அண்ணன் பேசி முடிச்சாரு. வல்லி, சாப்ட்டியான்னாரு. டீச்சர் சாப்ட்டேங்கன்னாங்க. பேப்பர் கட்டு, ரேஷன் அட்டை, பாவாடை. "மாத்திரை போட்டீங்களா?"

ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். வல்லியக்காவோடதுதான், அந்த இழுப்பு எனக்குத் தெரியும்.

"போட்டாரு டீச்சர். தினம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இனிமே அவரே போட்டுக்குவாரு, போடலைன்னா லோசனி கேப்பா. நீங்க அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. எனக்கு இப்ப மூச்சு முட்டுது, ரொம்பப் பேச முடியல. அடுத்து எங்க வீட்டுக்காரர் பேசுவாரு. மோட்டாரு, கதவுன்னு எல்லாம் சொல்லி முடிச்சுட்டு, கடைசில சாப்ட்டியான்னு கேப்பாரு. எனக்கு ரெண்டு மாசமா சோறு இறங்கல. அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு. சாப்ட்டேன்னு நீங்களே சொல்லிருங்க டீச்சர்."

மொதல் பேச்சு திரும்ப வந்ததும் மிஷின் நிக்கப் போச்சு. ஆரோக்கியம் அண்ணன் என் கையைப் பிடிச்சாரு. நான் ஓட விட்டேன். ஆச்சு, ஆச்சு. மோட்டார் சுவிட்ச். மாடிக் கதவு. சின்னவ. 

"வல்லி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்க."